புகார் வரவில்லை என்றால் அடி இல்லை என்று அர்த்தமா? தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டாம் வகுப்பு ஒன்றில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதக் கையைத் தூக்கினார். முன்வரிசைப் பையன் ஒருவன் சட்டென்று முழங்கையை மடக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனான். சாக்பீஸ் பலகையில் பட்டதும் கையை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எழுத ஆரம்பித்தான். நான் இருந்த நாற்பது நிமிடத்தில் யாரும் யாரையும் தொடவில்லை. பிரம்பு கண்ணில் படவில்லை. அந்தப் பள்ளியின் புகார்ப் பதிவேடு சுத்தமாக இருந்தது, தலைமை ஆசிரியர் அதைப் பெருமையாகத்தான் காட்டினார்.

பல வருடம் தலைமை ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு மற்ற பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலையும் செய்தவன் நான். சொல்ல வந்தது ஒன்றுதான். அடி விஷயத்தில் புகாருக்காகக் காத்திருக்கும் தலைமை ஆசிரியர் மேற்பார்வை செய்யவில்லை. ஆறு வயதுப் பிள்ளை புகார் எழுதாது. வீட்டில் சொன்னால் அங்கேயும் ஒரு அடி விழும் என்று அதற்குத் தெரியும். நாமேதான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அடிப்பது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதை இன்னும் முடித்துக்கொள்ளாதவர் முதலில் அதை முடித்துக்கொண்டு வரட்டும்.

உங்கள் அறையிலிருந்து தொடங்குங்கள்

"அடங்கலேன்னா எச்.எம். ரூமுக்கு அனுப்பிடுவேன்." இந்த வாக்கியம் உங்கள் பள்ளியில் ஒலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒலிக்கிறது என்றால், அந்தப் பள்ளியில் கடைசி பிரம்பு நீங்கள்தான். உங்கள் மேசையில் ஒரு பிரம்பு "சும்மா பயமுறுத்த" கிடந்தாலும் கதை அதுவே. பிள்ளை அதைப் பார்க்கிறது, ஆசிரியரும் பார்க்கிறார், இங்கே எது அனுமதி என்பதை இருவரும் புரிந்துகொள்கிறார்கள்.

எனவே முதல் வாரத்தில் இரண்டு வேலை. அறையிலிருந்து பிரம்பையும், பிரம்பு வேலை பார்க்கும் மர ஸ்கேலையும் எடுத்துவிடுங்கள். அடுத்து, உங்கள் அறைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். "சார் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்" என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். பேசட்டும். மிரட்டுவதற்கு உங்கள் பெயர் பயன்படாது என்று தெரிந்தால்தான் அடுத்த படிகள் எதுவும் நடக்கும்.

எதெல்லாம் அடி என்று வாய்விட்டுப் பேசுங்கள்

"எங்க பள்ளியில அடியே கிடையாது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் குட்டு அடி இல்லை. கிள்ளு அடி இல்லை. காதைத் திருகுவது, ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டுவது, முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது, நூறு தோப்புக்கரணம், வெயிலில் நிற்க வைப்பது, கழிப்பறைக்குப் போக விடாமல் உட்கார வைப்பது, எதுவும் இல்லை. "அடி" என்றால் அவர்களுக்குப் பிரம்பால் தோலில் தடம் விழுவது மட்டும்தான்.

ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2006-இல் வெளியிட்ட தன் எட்டாவது பொதுக் கருத்துரையில் இதற்குத் தெளிவான வரையறை கொடுத்தது. எவ்வளவு லேசானதாக இருந்தாலும், வலியோ அசௌகரியமோ உண்டாக்கும் நோக்கத்தில் உடல்பலத்தைப் பயன்படுத்தும் எந்தத் தண்டனையும் உடல் தண்டனைதான் என்கிறது அது. கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, காதில் அறைவது, சங்கடமான நிலையில் நிறுத்தி வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. உடலைத் தொடாமல் இழிவுபடுத்துவதும், மிரட்டுவதும், கேலிப்பொருள் ஆக்குவதும் அதே அளவு ஏற்க முடியாதவை என்று சேர்த்தே சொல்கிறது. அதே கருத்துரை இன்னொன்றையும் பிரித்துக் காட்டுகிறது: சாலைக்கு ஓடும் பிள்ளையைப் பிடித்து இழுப்பதும், அடித்துக்கொள்ளும் இருவரை விலக்குவதும் தண்டனை அல்ல, பாதுகாப்பு. ஆசிரியர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பதால் இதையும் சொல்லிவிடுங்கள்.

வரையறையை வாசித்துக் காட்டினால் கூட்டம் தூங்கிவிடும். நான் செய்து பலன் கண்ட முறை வேறு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், "நான் பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் எனக்குக் கிடைத்த தண்டனை" என்று எழுதச் சொன்னேன். சீட்டுகளைக் குலுக்கிப்போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில் "ஜாமென்ட்ரி பாக்ஸ் மூடியில் முட்டி போட்டது" என்று இருந்தது. அறையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களே அதிகம், ஆனால் எந்த வகுப்பு, எந்த வாத்தியார், எந்தக் கை என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. எது அடி, எது அடி இல்லை என்ற சர்ச்சை அன்று எழவே இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை: லீடர் பிள்ளை கொடுக்கும் அடி. "பேசுறவங்க பேரை போர்டுல எழுது" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியே போகிறார். திரும்பி வருவதற்குள் லீடர் நாலு பேரைக் குட்டியிருப்பான். ஆசிரியர் கை சுத்தம். ஆனால் அதிகாரத்தைக் கொடுத்தது அவர்தான். உங்கள் பட்டியலில் இதையும் எழுதுங்கள். கூடவே, போர்டில் பேர் எழுதும் பழக்கத்தையே நிறுத்திவிடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

உங்கள் நாட்டுச் சட்டத்தின் மூல வரிகளைத் தேடிப் படித்து, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்பது போதாது, நாட்டுக்கு நாடு இது பெரிதும் மாறுகிறது. சுவீடன் 1979-இல் வீடு உட்பட எங்கும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட முதல் நாடு. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1987-இல் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு காரணம், ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர் தொடுத்த வழக்கில் 1982-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தென்னாப்பிரிக்கா 1996 பள்ளிச் சட்டத்தில் தடை செய்தது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. மறுபக்கம், சிங்கப்பூரில் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க இன்னும் இடமிருக்கிறது, பெண் பிள்ளைகளை அடிக்கக் கூடாது. அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1977-இல் ஒரு வழக்கில், கொடூரத் தண்டனைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தம் பள்ளி அடிக்குப் பொருந்தாது என்றது. அதனால் அங்கே முடிவு மாநிலங்களின் கையில் இருக்கிறது.

தடை இருக்கும் நாட்டில் தலைமை ஆசிரியரின் வேலை தடுப்பதும் தெரிவிப்பதும். சட்டம் இடம்தரும் நாட்டில், விதி சொல்லும் எல்லை மீறப்படுகிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. அந்த எல்லைக்குள்ளும் "எங்கள் பள்ளியில் கிடையாது" என்று முடிவெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் உங்களுக்கு இருக்கும். 1989-இல் நிறைவேறிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது உறுப்பு, பள்ளி ஒழுங்கு என்பது குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்ற முறையில் நடக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் "எந்த அதிகாரத்தில் சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் எடுத்துக்காட்ட அதுவும் ஒன்று.

ஒரே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

இருபது பக்கக் கொள்கை ஆவணம் அலமாரிக்குப் போகும். ஒரு பக்கம் சுவருக்கு வரும். அதில் இருக்க வேண்டியது: இங்கே எவையெல்லாம் செய்யக் கூடாது (நீங்கள் சீட்டில் சேர்த்த சொற்களிலேயே எழுதுங்கள்), நடந்தால் யாரிடம் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்கும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர், உதவியாளர், வேன் ஓட்டுநர், விளையாட்டு சொல்லித்தருபவர், பாதியில் சேரும் தற்காலிக ஆசிரியர் என அனைவரும் கையெழுத்துப் போடட்டும்.

பெற்றோருக்கும் ஒரு பிரதி போகட்டும். "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல அடிங்க சார்" என்று சொல்லும் அப்பா ஒருவர் கண்டிப்பாக வருவார். "அடியாத மாடு படியாது" என்பார் இன்னொருவர். அவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம். "உங்க அனுமதி இருந்தாலும் எங்களுக்கு அனுமதி இல்லை" என்ற ஒரு வரி போதும். அதே மூச்சில், "வேறு என்ன செய்யப்போறோம்னு சொல்றேன், உட்காருங்க" என்று சொல்லுங்கள். அடியை விட்டால் பள்ளி தன் பிள்ளையைக் கைகழுவிவிடும் என்ற பயம்தான் அவர்களை அப்படிப் பேச வைக்கிறது.

நடந்து பாருங்கள், இருமாமல்

இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித்தருவதில் ஒருவர் மிகவும் பெயர் பெற்றவர். பெற்றோர் அவர் வகுப்புக்காகவே சிபாரிசோடு வருவார்கள். அவர் வகுப்பைத் தாண்டும்போது ஸ்கேல் சத்தம் கேட்கும். நான் வராண்டா முனையிலேயே இருமுவேன். சத்தம் நின்றுவிடும். வாசலைக் கடக்கும்போது வகுப்பு அமைதியாக இருக்கும், அவர் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் ஒரு அம்மா என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்க ஏன் சார் இருமிட்டே வர்றீங்க? எச்.எம். சாருக்கு எல்லாம் தெரியும், அதான் இருமுறாருன்னு பிள்ளை சொல்லுது." பதில் வரவில்லை எனக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. தினம் ஒரு சுற்று, ஒரு வகுப்பில் மூன்று நிமிடம், உள்ளே போய் உட்கார்ந்துதான். வாசலில் நின்று எட்டிப்பார்ப்பது கணக்கில் வராது. நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்துக்கொடுக்கும் நோக்கம் இருந்தால் ஆசிரியர்கள் ஒளிப்பதில் கெட்டிக்காரர்களாகிவிடுவார்கள். எனவே என்ன பார்க்கிறேன், ஏன் பார்க்கிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அடி எல்லா நேரத்திலும் சமமாக விழுவதில்லை. வீட்டுப்பாட நோட்டு திருத்தும் முதல் பாடவேளை, ஒரு ஆசிரியர் வராததால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைத்த நாள், விடுமுறைக்கு அடுத்த நாள், தேர்வுத்தாள் கொடுக்கும் நாள், கடைசிப் பாடவேளை. இவற்றில் உங்கள் சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். அடி எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழுவதும் இல்லை. வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளை, கேட்க யாருமில்லாத பிள்ளை, அழுக்குச் சட்டைப் பிள்ளை, சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. மிடுக்காக வந்து கேள்வி கேட்கும் பெற்றோரின் பிள்ளை மேல் கை போவது அபூர்வம். யார் மேல் போகிறது என்பதை ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். "கோபத்துல கை போயிடுச்சு" என்ற விளக்கம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று அப்போது தெரியும்.

கண் எங்கே போக வேண்டும்? ஆசிரியர் வரிசைக்குள் நடக்கும்போது பிள்ளைகளின் தோள்கள் என்ன செய்கின்றன? தப்பான விடை சொன்ன பிள்ளை உடனே யார் முகத்தைப் பார்க்கிறது? நோட்டைக் கொடுக்க வரும் பிள்ளை மேசைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, நோட்டை மட்டும் நீட்டினால் அந்தத் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். "தெரியல மிஸ்" என்று சத்தமாகச் சொல்லும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பை நான் நம்புவேன்.

பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது

வகுப்பு முன் நின்று "யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று கேட்காதீர்கள். "இல்ல சார்" என்று ஒரே குரலில் பதில் வரும், ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். புகார்ப் பெட்டியும் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான். ஒன்றாம் வகுப்புக்கு அது வெறும் தகரப்பெட்டி.

நான்கைந்து பிள்ளைகளாக, மரத்தடியிலோ நூலக மூலையிலோ, மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பள்ளியில் பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் வரையச் சொல்லுங்கள். பிடிக்காத இடத்தைப் பற்றி அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். "தப்புப் பண்ணினா இங்க என்ன ஆகும்?" என்பது நல்ல கேள்வி, யார் பெயரையும் அது கேட்கவில்லை. பதிலில் பெயர் வந்தால் நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையோடு பிறகு தனியாகப் பேசுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்கத் தேவையான ஆள்கிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதுதான் காப்பாற்ற முடிகிற வாக்கு.

கேட்டால் எவ்வளவு வெளியே வரும் என்பதற்கு உகாண்டாவில் நடந்த ஆய்வு ஒன்று சாட்சி. லுவேரோ மாவட்டத்தின் 42 தொடக்கப் பள்ளிகளில், பாதியில், பள்ளி ஊழியர் அடிப்பதைக் குறைப்பதற்கான 'நல்ல பள்ளி' என்ற திட்டத்தை 18 மாதம் நடத்தினார்கள். 2015-இல் முடிவு வெளியானது. கடந்த ஒரு வாரத்தில் பள்ளி ஊழியர் அடித்ததாகச் சொன்ன மாணவர்கள் மற்றப் பள்ளிகளில் 49 சதவீதம், திட்டம் நடந்த பள்ளிகளில் 31 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பின்போது பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு, 434 பேரைக் குழந்தைப் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதுவரை அவர்களிடம் அப்படி யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? 31 சதவீதம் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒன்றரை வருடம் ஒழுங்காக வேலை செய்தும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஒருநாள் பயிற்சி நடத்திவிட்டுக் கோப்பை மூடுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு சம்பவம் நடந்துவிட்டால்

நாலாம் வகுப்புப் பெண் குழந்தை. ஸ்கேல் பட்டு முன்கை வீங்கியிருக்கிறது. தோழி உங்கள் அறைக்குக் கூட்டிவருகிறாள். இனி அரைநாளில் நீங்கள் செய்வது, அடுத்த ஐந்து வருடத்துக்குப் பிள்ளைகள் உங்களிடம் வருவார்களா என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் கை. முதலுதவி, தேவைப்பட்டால் மருத்துவர். விசாரணை அதற்குப் பிறகுதான். தலையிலோ காதிலோ அடி பட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அடுத்து, ஒரே ஒரு முறை, அமைதியாக, "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "டீச்சர் வேணும்னே அடிச்சாங்களா?", "நீ என்ன பண்ணின?" என்ற இரண்டு கேள்விகளும் வேண்டாம். முன்னது பதிலை ஊட்டுகிறது, பின்னது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதுங்கள். "மிஸ் ஸ்கேல திருப்பிப் பிடிச்சு அடிச்சாங்க" என்று சொன்னால் அப்படியே. "ஆசிரியர் லேசாகத் தட்டினார்" என்று நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். நாள், நேரம், உடலில் எந்த இடம், யார் யார் இருந்தார்கள். கையெழுத்து உங்களுடையது.

பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள், பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன். கையைப் பார்த்த பிறகு அவர்கள் ஓடிவருவது வேறு, நீங்கள் கூப்பிட்டுச் சொல்வது வேறு. ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு அவர் தரப்பை எழுதி வாங்குங்கள். அவருக்கும் முழுதாகப் பேச வாய்ப்புக் கொடுங்கள், அவரும் உங்கள் பொறுப்பில் இருப்பவர்தான். சட்டமோ விதியோ மேலிடத்துக்குத் தெரிவிக்கச் சொன்னால் அன்றே தெரிவியுங்கள். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை.

இனி, செய்யவே கூடாதது. மூவரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, "மிஸ் உன் நல்லதுக்குத்தானே, சாரி சொல்லிட்டாங்க, போய்ப் படி" என்று பஞ்சாயத்து முடிக்கும் அந்தப் பழக்கம். பெரிய மனசோடு செய்வதாக நினைத்துக்கொண்டு நாம் செய்வது, அடி வாங்கிய பிள்ளையை அடித்தவர் முகத்தைப் பார்த்து "பரவால்ல மிஸ்" என்று சொல்ல வைப்பது. காயம் பெரிதாக இருந்தாலோ, பாலியல் சந்தேகம் துளி இருந்தாலோ, நீங்கள் விசாரிக்கவே வேண்டாம். பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்து, உரிய அமைப்பிடம் உடனே சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

பழிவாங்கல் சத்தமில்லாமல் வரும். பிள்ளையின் நோட்டு திருத்தப்படாமல் கிடக்கும். கேள்வி கேட்கப்படாது. "இவகிட்ட ஜாக்கிரதையா இருங்க, கம்ப்ளெய்ன்ட் பண்ணிடுவா" என்று வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அதனால் ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச உங்கள் டைரியில் இப்போதே தேதி போடுங்கள்.

ஆசிரியர் மீதான நடவடிக்கை ஆளைப் பார்த்து மாறக் கூடாது. ஓய்வுபெற ஆறு மாதம் இருப்பவர், நிர்வாகத்தின் உறவினர், நூற்றுக்கு நூறு ரிசல்ட் தருபவர் ஆகிய மூன்று பேரிடம்தான் உங்கள் ஒரு பக்கத் தாள் சோதிக்கப்படும். மற்ற ஆசிரியர்கள் அதை மட்டுமே கவனிப்பார்கள்.

ஆசிரியரின் கையில் வேறு என்ன இருக்கிறது?

நாற்பத்தைந்து பிள்ளைகள், தகரக் கூரை, தொண்டை கட்டிய மதியம். பிரம்பைப் பிடுங்கிவிட்டு "அன்பாகச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும் தலைமை ஆசிரியரை ஆசிரியர் மன்னிக்க மாட்டார், நியாயம்தான். தடை போட்ட அதே மாதம் பின்வருவனவற்றையும் நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

கோபம் தலைக்கேறும் ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே வர ஒரு ஏற்பாடு. பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஜோடி போட்டுவிடுங்கள். ஒரு சிவப்புப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் "கொஞ்சம் வாங்க" என்று பொருள். எந்தக் கேள்வியும் கிடையாது. நான் பார்த்ததில் இதைவிட அடியைக் குறைத்தது வேறெதுவும் இல்லை, செலவும் இல்லை.

அடுத்து, அடி வாங்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக் கண்ணையும் காதையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்க்கும், "காப்பி அடிக்கிறான்" என்று குட்டு வாங்கும். ஒரு காது கேட்காத பிள்ளைக்குத் "திமிர்" என்று பெயர். எழுத்து தலைகீழாகத் தெரிவதுபோலத் தடுமாறும் பிள்ளைக்குச் "சோம்பேறி". இந்த மூன்று பெயர்களையும் ஸ்டாஃப் ரூமில் கேட்டால் உடனே காது கொடுங்கள்.

வீட்டுப்பாடம் செய்யாததற்குத் தண்டனை என்பதையே எடுத்துவிடுங்கள். காலையில் முதல் பதினைந்து நிமிடம், செய்யாதவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து செய்யட்டும். ஏன் செய்யவில்லை என்பதற்கு மூன்று நாள் தொடர்ந்து ஒரே பதில் வந்தால் அது வீட்டு விஷயம், நீங்கள் போய்ப் பேச வேண்டியது. மற்றபடி வகுப்பு ஒழுங்கு என்பது பெரும்பாலும் அமைப்பு: எப்போது பேசலாம், தண்ணீர் குடிக்க எப்படிக் கேட்பது, வேலையை முடித்தவர் அடுத்து என்ன செய்வது. முடித்தவருக்கு வேலை இல்லாத வகுப்பில்தான் சத்தம் எழும், சத்தம் எழுந்தால்தான் ஸ்கேல் எழும்.

"அடிச்சாதான் சார் படிக்குது" என்பவரிடம் நான் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு தனியார் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் அடி வழக்கம், மற்றதில் இல்லை. கவனத்தைக் கட்டுப்படுத்தி யோசிக்கும் திறனைச் சோதித்தபோது, முதல் வகுப்பில் அடியில்லாப் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். 2011-இல் வந்த சின்ன ஆய்வுதான், எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. ஆனால் பயம் அந்தக் கணத்தில் அடக்கும், யோசிக்கச் சொல்லித்தராது என்பதை எந்த வகுப்பறையிலும் பார்க்கலாம். ஆசிரியர் தலை மறைந்ததும் வெடிக்கும் வகுப்பு எது என்று பாருங்கள்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், வகுப்பு, பாடவேளை, என்ன நடந்தது, யார் சொன்னார்கள், நான் என்ன செய்தேன், எப்போது மறுபடி பார்த்தேன். மாதம் ஒருமுறை இரண்டு ஆசிரியர்களோடும் ஒரு பெற்றோர் பிரதிநிதியோடும் உட்கார்ந்து பெயர்களை மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒரே பாடவேளை திரும்பத் திரும்ப வந்தால் பாடவேளையை மாற்றுங்கள். ஒரே வகுப்பு வந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஆசிரியரின் உடல்நிலையையும் பாருங்கள்.

ஆரம்பத்தில் எண்ணிக்கை ஏறும். வேலை சரியாக நடந்தால் ஏறத்தான் செய்யும், இதுவரை சொல்லாதவர்கள் சொல்கிறார்கள். இதை மேலதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் "அந்த எச்.எம். வந்த பிறகுதான் பிரச்சினை" என்று அறிக்கை வரும், அடுத்த பள்ளியில் எல்லோரும் நோட்டை மூடிவைத்துக்கொள்வார்கள்.

மாறுதல் வரும்போது

தலைமை ஆசிரியர் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் காத்திருப்பவர்கள் உண்டு. பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, மேசை நாற்காலிக் கணக்கு எல்லாம் கைமாறுகின்றன. அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தப் பாடவேளையில் சுற்றுப் போக வேண்டும், எந்தப் பிள்ளையோடு அடுத்த மாதம் பேச வேண்டும், எந்த ஆசிரியருக்கு உதவி பாதியில் நிற்கிறது. நான் கடைசியாக ஒப்படைத்த நோட்டில் நாலாவதாக ஒரு வரியும் இருந்தது: "வராண்டாவில் வரும்போது இரும வேண்டாம்." புதிதாக வந்தவர் படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டார். உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன்.